உயிர்ப்பதிவேடு

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் ஒரு மஞ்சள் பை இருந்தது. ரேஷன் கார்டு, அப்பாவின் இறப்புச் சான்று, அண்ணனின் எம்ப்ளாய்மெண்ட் கார்டு மூன்றும் அதற்குள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மூன்றில் எது எது என்று தொட்டே சொல்லிவிடுவாள். மழை பிடித்துக்கொண்டால் முதலில் அந்தப் பையை எடுத்து அடுப்பங்கரைப் பரணில் வைப்பாள். அதற்கப்புறம்தான் ஒட்டி வைத்திருக்கும் தீப்பெட்டிகளை மூடப் போவாள்.

அண்ணன் 1980-இல் பிளஸ் டூ முடித்தான். தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு எழுதிய முதல் அணி அதுதான். மார்க் ஷீட் கைக்கு வந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனான். எங்கள் கரிசல் கிராமத்திலிருந்து அந்த அலுவலகம் இருந்த ஊருக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். காலையில் கூழைக் குடித்துவிட்டுப் போனவன் பொழுது சாய்ந்துதான் வந்தான். கையில் அட்டை. "பதிஞ்சாச்சும்மா. இனி நம்ம முறை வரணும், அவ்வளவுதான்" என்றான். அன்று இரவு அம்மா அந்த அட்டையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, மறுநாள்தான் மஞ்சள் பைக்குள் சேர்த்தாள்.

அட்டையின் முன்பக்கம் பதிவு எண், தேதி, படிப்பு. பின்பக்கம் கட்டங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பதிந்த அதே மாதத்தில் போய், ஒரு கட்டத்தில் முத்திரை வாங்கிக்கொள்ளவேண்டும். 1983 ஆகஸ்டில் ஒன்று, 1986 ஆகஸ்டில் ஒன்று வாங்கினான். நடுவில் டைப் லோயர் பாஸ் பண்ணி அதையும் கூடுதல் தகுதியாக ஏற்றினான். 1987-இல் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினான். பஸ் ஏறும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "எண்பத்தொம்பது ஆகஸ்டுல கார்டை மட்டும் மறக்காம ரினீவல் பண்ணிரு, தாயி."

மறந்துவிட்டேன். அந்த வருடம் நானே டைப் ஹையருக்கும் சர்வீஸ் கமிஷன் தேர்வுக்கும் மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருந்தேன். நினைவு வந்தது டிசம்பரில், ரேஷன் கார்டை எடுக்கப் பையைத் திறந்தபோது. மறுநாளே போனேன்.

கவுண்டரில் இருந்தவர் கடுகடுப்பானவர் அல்ல. அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்தார். எழுந்து இரும்பு அலமாரியில் ஒரு இழுப்பறையை இழுத்தார், அங்கே இல்லை. அடுத்த அறைக்குள் போய், நூல் போட்டுக் கட்டிய அட்டைக் கட்டு ஒன்றோடு வந்தார். முடிச்சை அவிழ்த்து, விரலை நனைத்து நனைத்துத் தள்ளி, ஒன்றை உருவினார். அண்ணனின் அட்டை. அலுவலகப் பிரதி. அவன் கையெழுத்து இருந்தது. அதன்மேல் மூலைக்கு மூலை சிவப்பு மையில் ஒரு கோடு.

"லேப்ஸ் ஆயிருச்சும்மா. புதுசாப் பதியச் சொல்லுங்க."

"பழைய சீனியாரிட்டி, சார்?"

"அது போச்சு."

ஒன்பது வருடம். அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். அவன் திட்டவில்லை. பதில் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மாவுக்குச் சேலை வாங்க ஐம்பது ரூபாய் அனுப்பியிருப்பதாக மட்டும் எழுதியிருந்தான். புதிதாக அவன் பதியவும் இல்லை. டைப் ஹையர் படிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் அதையும் விட்டான். அவன் வேலை தேடியது அந்த டிசம்பரோடு நின்றது.

1991-இல் குரூப் ஃபோர் தேர்வில் தேறி எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. துறை ஒதுக்கீட்டு ஆணையைப் பிரித்துப் படித்தபோது கை நடுங்கியது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. சொந்த ஊரைவிட்டு வெகுதூரத்தில் ஒரு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். அங்கே சேர்ந்த முதல் வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன்: இரும்பு இழுப்பறையில் இருப்பவை உயிர்ப்பதிவேடு, ஆங்கிலத்தில் லைவ் ரெஜிஸ்டர். அடுத்த அறையில் நூல் போட்டுக் கட்டி வைப்பவை டெட் ரெஜிஸ்டர். முன்னதைத் தமிழாக்கி எல்லாப் படிவத்திலும் அச்சடித்திருந்தார்கள். பின்னதைத் தமிழில் சொல்ல எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த அலுவலகங்கள் எங்கிருந்து வந்தன என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அண்ணனின் அந்தச் சிவப்புக் கோட்டால்தான்.

இங்கிலாந்தில் வேலையில்லாதவர்களுக்கென்று அரசே நடத்தும் தொழிலாளர் பரிமாற்ற அலுவலகங்கள் 1910 பிப்ரவரியில் திறந்தன. முதல் உலகப்போர் முடிந்தபின், 1919-இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வேலையின்மை குறித்து ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. கட்டணமில்லாத வேலைவாய்ப்பு அலுவலகங்களை அரசு நடத்தவேண்டும் என்பது அதில் ஒரு விதி. இந்தியா 1921-இல் அதை ஏற்றது. ஏற்றதோடு சரி. 1929-இல் அமைந்த விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் 1931-இல் அறிக்கை தந்தபோது, ஆலை வாசலிலேயே வேண்டிய ஆள் கிடைக்கும்போது இந்த அலுவலகங்களால் பயனில்லை என்ற கருத்தைத்தான் எடுத்தது. 1938-இல் இந்தியா அந்த ஒப்பந்தத்திலிருந்தே விலகிக்கொண்டது.

அந்த அறிக்கை பேசிய ஆலை வாசலைப் பற்றி எனக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் விடிகாலை நின்ற பெண்களில் அம்மாவும் ஒருத்தி. கங்காணி கை காட்டியவர்கள் உள்ளே, மற்றவர்கள் வீட்டுக்கு. முதலாளிக்கு வேண்டிய ஆள் வாசலிலேயே கிடைத்தது உண்மைதான். வாசலில் நின்று திரும்பிப் போனவளுக்கு என்ன கிடைத்தது என்பது அந்தக் கணக்கில் இல்லை.

கடைசியில் போர்தான் வழி திறந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொழில்நுட்பம் தெரிந்த ஆட்களைப் போர்த்தேவைக்குத் திருப்பிவிடச் சில அலுவலகங்கள் வந்தன. போர் முடியும் தறுவாயில் வேறொரு கவலை. பட்டாளத்திலிருந்து இலட்சக்கணக்கில் வீடு திரும்பப்போகிறவர்களை எங்கே சேர்ப்பது? 1945-இல் மறுகுடியமர்வு மற்றும் வேலைவாய்ப்புக்கென ஓர் இயக்ககம் தொடங்கினார்கள். அதன் கிளைகள்தான் நம் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் வேர். முதலில் பட்டாளத்தார். 1947-இல் பிரிவினையில் வீடிழந்து வந்தவர்கள். 1948-இல்தான் கதவு எல்லோருக்கும் திறந்தது. இந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பிழைப்பு பிடுங்கப்பட்டவனை மறுபடி நிற்கவைக்கவே இந்த அலுவலகம் பிறந்தது. மறுகுடியமர்வு என்ற சொல் அதன் பெயரிலேயே இருந்தது.

1952-இல் பி. சிவராவ் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அன்றாட நிர்வாகத்தை மாநிலங்களிடம் ஒப்படைக்கலாம் என்று அது சொன்னது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி ஒப்படைத்தார்கள். கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்த அதே நாள். பிறகு 1959-இல் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம். 1960 மே 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 25 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் தன் காலியிடத்தை எங்களுக்குத் தெரிவிக்கவேண்டியிருந்தது. தெரிவிக்கத்தான் வேண்டியிருந்தது. நாங்கள் அனுப்பும் ஆளை எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இருக்கவில்லை. விவசாய வேலை, வீட்டு வேலை, மூன்று மாதத்துக்கும் குறைந்த வேலை, மாதம் அறுபது ரூபாய்க்கும் கீழான சம்பளம் எல்லாம் அந்தச் சட்டத்துக்கு வெளியே. அறிவிக்காமல் விட்டால் முதல் தடவை அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த ஐந்நூறு ஐந்நூறாகவே இருந்தது. காலாண்டுக்கு ஒருமுறை நிறுவனங்கள் அனுப்பவேண்டிய ஈ.ஆர்.1 படிவம் வராத கம்பெனிகளுக்கு நினைவூட்டுக் கடிதம் தட்டச்சு செய்வது என் முதல் வருட வேலைகளில் ஒன்று. மையும் தாளும்தான் செலவானது.

ஆகவே தனியார் பக்கம் இந்தக் கதவு பெயரளவுக்குத்தான். அரசு வேலைக்கோ அது தலைவாசல். அலுவலக உதவியாளர், ஓட்டுநர், நடத்துநர், இடைநிலை ஆசிரியர் என்று எத்தனையோ பணிகளுக்கு எங்கள் பட்டியலிலிருந்துதான் ஆள் கேட்டார்கள். தமிழ்நாட்டில் "எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சாச்சா?" என்ற கேள்வி, பரீட்சை முடிவு வந்த வீட்டில் இனிப்புக்கு அடுத்து வருவதாக ஆனது இப்படித்தான்.

அந்தப் பட்டியல் எப்படி உருவாகும் என்பதைச் சொல்லவேண்டும். பதிய வருகிறவருக்கு எக்ஸ்-1 என்று ஒரு அட்டை எழுதுவோம், அது எங்களிடம் இருக்கும். எக்ஸ்-10 என்ற அடையாள அட்டை அவர் கையில். எக்ஸ்-1 அட்டையின் மேல்மூலையில் தேசியத் தொழில் வகைப்பாட்டு எண். தச்சருக்கு ஓர் எண், கம்பவுண்டருக்கு ஓர் எண், டைப்பிஸ்டுக்கு ஓர் எண். வேலை செய்த அனுபவமே இல்லாமல் படிப்போடு மட்டும் வருகிறவர்களுக்கு எக்ஸ் என்று தொடங்கும் எண். எங்கள் இழுப்பறைகளில் பாதிக்குமேல் எக்ஸ்தான். ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் அட்டைகள் பதிவு தேதி வரிசையில் நிற்கும். ஒரு காலியிடம் அறிவிப்பானால் முன்னாலிருந்து எண்ணி எடுப்போம். இனச்சுழற்சி பார்ப்போம். முன்னுரிமை பார்ப்போம். ஆதரவற்ற விதவை, முன்னாள் ராணுவத்தினர், கலப்பு மணத் தம்பதி, மாற்றுத்திறனாளி, அரசுக்கு நிலம் கொடுத்த குடும்பம். அதன்பின் அழைப்பு அனுப்புவோம்.

அழைப்புகள் திரும்பி வருவதைப் பார்ப்பது கொடுமை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து முறை வந்து, கடிதம் போய், "விலாசதாரர் இல்லை" என்ற தபால்காரர் குறிப்போடு மேசைக்குத் திரும்பும். முகவரியை மாற்றிச் சொல்லத் தோன்றியிருக்காது. திருப்பூருக்கோ பம்பாய்க்கோ போயிருப்பார். அப்படி ஒரு உறை வரும்போதெல்லாம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்பேன். அது என் வேலையில்லை. சில நேரம் ஆள் கிடைத்தார்.

ஆனால் கவுண்டர் வேலையில் பெரும்பங்கு ரினீவல்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஜன்னல் திறக்கும்போது முற்றத்துக்கு வெளியே வரிசை போயிருக்கும். தபாலிலும் வரும். சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையை அட்டையோடு மடித்து அனுப்பியிருப்பார்கள். நேரில் வருகிறவர்கள் கொண்டுவரும் அட்டையைத் தொட்டாலே அந்த வீடு தெரியும். சில அட்டைகள் பிளாஸ்டிக் உறையில், மூலை மடங்காமல். சில மடித்து மடித்து நான்காகப் பிரியும் நிலையில், பின்னால் சோறு வைத்து ஒட்டி. ஒன்றில் மஞ்சளும் குங்குமமும் இருந்தது. நான் முத்திரை குத்திய அட்டைகளில் ஆயிரத்தில் எத்தனை பேருக்கு வேலை வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்ததுண்டு. மனம் கனத்துவிடும். ஆனாலும் அந்த முத்திரையை அரைகுறையாகக் குத்தியதில்லை. மை தொட்டு, கட்டத்துக்குள் நேராக வைத்து, ஒரு அழுத்து.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதை வெறும் சடங்கு என்பார்கள். என் அனுபவம் வேறு. வேலை தேடுகிறவனின் வேகம் ஒரே நாளில் அறுந்துபோவதில்லை. முதல் வருடம் எல்லோரும் கேட்பார்கள். இரண்டாம் வருடம் மாமா மட்டும் கேட்பார். நான்காம் வருடம் கேட்டால் புண்படுவானே என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த மௌனத்தில்தான் தேடல் நிற்கிறது. சோம்பலால் நின்றவர்களை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்காத அந்த வருடங்களிலும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை, அரசு தன் ஜன்னலைத் திறந்து "நீ இன்னும் தேடுகிறாயா?" என்று கேட்டது. அதற்காகக் குளித்து, சட்டை மாற்றி, இரண்டு பஸ் ஏறி வந்தார்கள். வந்தவர்கள் ஜன்னலோடு திரும்பவும் இல்லை. தாழ்வாரத்தின் தகவல் பலகையில் ஒட்டியிருந்த ஒவ்வொரு காகிதத்தையும் படித்தார்கள். ரயில்வே, அஞ்சல், சர்வீஸ் கமிஷன், ராணுவ ஆள்சேர்ப்பு. பக்கத்தில் நிற்பவரிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோகும்போது அறிமுகமில்லாத இரண்டு பேர் பேசிக்கொண்டு போவார்கள். பதிவைப் புதுப்பிக்க வந்தவர்கள் தேடலையும் புதுப்பித்துக்கொண்டு போனார்கள்.

ஒரு பெரியவர் வருவார். 1994-இல் வந்தார், 1997-இல் வந்தார், 2000-இலும் வந்தார். மூன்று தடவையும் மகளின் அட்டை. ஆசிரியர் பயிற்சி முடித்த பெண். "மக வாக்கப்பட்டுப் போயிட்டா, தாயி. பதிவு இங்கதான கெடக்கு. விட்ரக்கூடாதுல்ல" என்பார். கணவர் ஊர் மாவட்டத்துக்குச் சீனியாரிட்டி குறையாமல் பதிவை மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். தலையாட்டுவார். மாற்றவில்லை. அந்த அட்டையைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார் என்று பிறகுதான் புரிந்தது. 2003-இல் அந்தப் பெண்ணே வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. "அப்பா போயிட்டாங்க, மேடம். இந்த மாசம்னு எழுதி வச்சிருந்தாங்க" என்று ஒரு காலண்டர் தாளைக் காட்டினாள். முத்திரை குத்தினேன். 2008-இல் பதிவு மூப்பில் அவளுக்கு அழைப்பு வந்தது. ஒன்றியப் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள்.

இந்த ஏற்பாட்டின் கெடுதலையும் நான் மறைக்கக்கூடாது. எத்தனையோ பேர் வரிசையில் நிற்பதையே தேடல் என்று நம்பிவிட்டார்கள். நாங்களும் நம்பவிட்டோம். பத்திரிகைகளில் "இந்தத் தேதி வரை பதிந்தவர்கள் சரிபார்க்க வரலாம்" என்று பதிவு மூப்பு விவரம் வரும். தன் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவிலிருக்கும் வருடங்களை எண்ணுவதிலேயே இளமை போனவர்களை நான் அறிவேன். அதைவிடப் பெரிய அநியாயம் லேப்ஸ். ஒரு காய்ச்சல், ஒரு பிரசவம், ஒரு சாவு, ஒரு தங்கையின் மறதி. இவற்றில் ஒன்று போதும், பத்து வருடத்தை அழிக்க. வேலை கிடைக்காததற்கு அவன் பொறுப்பில்லை என்று ஒத்துக்கொள்ளும் அரசு, காத்திருந்ததை நிரூபிக்கும் பொறுப்பை மட்டும் அவன் தலையில் வைத்தது எந்த வகையில் நியாயம்? நான் பணியிலிருந்தபோதே மேலதிகாரிகளிடம் இதைக் கேட்டிருக்கிறேன். விதியை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கும் இல்லை. அவ்வப்போது அரசு சிறப்புச் சலுகை அறிவிக்கும். விட்டுப்போனவர்கள் குறித்த நாளுக்குள் வந்தால் பழைய மூப்போடு சேர்த்துக்கொள்வோம். அந்த நாட்களில் டெட் ரெஜிஸ்டர் கட்டுகளின் நூலை அவிழ்த்து, அட்டையை மறுபடி இரும்பு இழுப்பறைக்குள் அதன் தேதிக்குரிய இடத்தில் செருகுவதைப்போல் எனக்கு நிறைவு தந்த வேலை இன்னொன்று இல்லை.

1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் பார்த்து ஆளெடுத்தால் போதாது, பத்திரிகை விளம்பரமும் கொடுத்து மற்றவர்களுக்கும் வாய்ப்பளிக்கவேண்டும் என்று சொன்னது. பட்டியலின் பிடி தளரத் தொடங்கியது அங்கேதான். ஆசிரியர் பணியில் முழுதாக அறுந்தது 2012-இல். அந்த ஜூலை 12-ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. இலட்சக்கணக்கானவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அக்டோபரில் மறுபடி நடத்தவேண்டியிருந்தது.

அந்த ஆகஸ்டில் ஒருவர் வந்தார். முப்பத்துநான்கு வயது இருக்கும். 1999 பதிவு. தன் அட்டையை ஜன்னல் வழியே நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பதிமூணு வருஷம், மேடம். இந்த அட்டையை நம்பித்தான் வேற எதுக்கும் படிக்கல. இப்ப பரீட்சை எழுதுங்கறாங்க. எழுதினேன், நாப்பத்தெட்டு மார்க். இனி இதை ரினீவல் பண்ணணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அண்ணனின் சாயல் அந்த முகத்தில் இருந்தது. முத்திரையை எடுத்து வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தேன். அலுவலகத்தின் பின்கட்டில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடந்துகொண்டிருந்தது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் போட்டித்தேர்வுக்குக் காசில்லாமல் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு அது. ஒரு கரும்பலகை, ஒரு புத்தக அலமாரி, வாரத்துக்குச் சில வகுப்புகள். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரக் கூச்சப்பட்டார். இரண்டாம் நாள் வரவில்லை. அவர் அட்டையிலிருந்த எண்ணுக்குப் போன் பண்ணினேன். மூன்றாம் நாள் வந்தார்.

அவரை நிலைநிறுத்தியது என் போன் அல்ல. அவர் வயதையொத்த இன்னும் ஏழு பேர் அதே மாதத்தில், அதே கேள்வியோடு வந்தார்கள். எட்டு பேரும் வகுப்பு முடிந்தபின் முற்றத்து வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்தார்கள். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நாளைக்கு ஒரு பாடம், ஆளுக்கு இருபது கேள்வி. ஒருவர் மற்றவரைக் கேட்பது. ஒருவர் வரவில்லையென்றால் மாலையில் அவர் வீட்டுக்கு ஒருவர் போவது. இந்தக் கடைசி விதியை வகுத்தவர் முன்பு ஒரு மளிகைக்கடையில் கணக்கெழுதியவர். கடனை வாரம் ஒருமுறை கேட்டால்தான் வசூலாகும், மாதம் ஒருமுறை கேட்டால் ஆகாது என்பது அவர் கண்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் ஜன்னலில் கேட்டுக்கொண்டிருந்ததை அவர்கள் தினமும் கேட்டுக்கொண்டார்கள்.

எங்கள் கிடங்கில் வெற்று எக்ஸ்-1 அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பதிவு கணினிக்கு மாறிவிட்டது. பிள்ளைகள் படித்த பள்ளியிலேயே இணையத்தில் பதிந்துகொள்ளும் முறையும் வந்துவிட்டது. கழித்துவிடுங்கள் என்று அலுவலர் சொன்னார். அந்த அட்டைகளை வேப்பமரத்தடிக்குக் கொடுத்துவிட்டேன். முன்பக்கம் "பெயர், தந்தை பெயர், கல்வித் தகுதி" என்று அச்சடித்த கோடுகளுக்கு மேலேயே கேள்வி எழுதினார்கள், பின்பக்கம் விடை. வைட்டமின் குறைபாடுகள், வட்டமேசை மாநாடுகள், பியாஜே. சட்டைப்பையில் அடங்கும் அளவு. பஸ்ஸில் படிக்கலாம். முப்பது வருடம் மனிதர்களை வரிசைப்படுத்திய அட்டை அது. அதன்மேல் அவர்கள் எழுதிக்கொண்டிருந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எட்டு பேரில் மூன்று பேர் அடுத்த வருடத் தகுதித் தேர்வில் தேறினார்கள். ஒருவர் குரூப் ஃபோரில் தேறி வருவாய்த் துறைக்குப் போனார். மளிகைக்கடைக்காரர் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தார். மற்ற மூவருக்கும் நான் பார்த்தவரை அரசு வேலை கிடைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பதிமூன்று வருடக்காரர் தேறிய மூவரில் ஒருவர். அந்த அட்டையை ரினீவல் பண்ணவேண்டுமா என்று மறுபடி அவர் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் 2014-இல் அவர் பதிவு மாதத்தில் இணையத்தில் பார்த்தேன். புதுப்பித்திருந்தார்.

அலுவலகத்தின் பெயர்ப்பலகையும் மாறியது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். ரினீவலுக்கு இப்போது யாரும் பஸ் ஏற வேண்டியதில்லை. கணினி மையத்திலோ கைப்பேசியிலோ இரண்டு நிமிடம். அலைச்சல் மிச்சம். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தகவல் பலகையைப் படிக்கவும், பக்கத்தில் நிற்பவரிடம் பேனா வாங்கவும் இருந்த அந்த ஒரு நாளும் போய்விட்டது. அந்த இடத்தைத் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் கொஞ்சம் நிரப்புகின்றன. வெள்ளிக்கிழமை முகாமுக்கு வந்து, வேலை கிடைக்காமல், அடுத்த வெள்ளியும் வருகிற முகங்களைப் பார்த்தால் எனக்குத் தெம்பு வரும்.

2021-இல் மீண்டும் ஒரு சிறப்புச் சலுகை. 2017, 2018, 2019-இல் புதுப்பிக்கத் தவறியவர்கள் மூன்று மாதத்துக்குள் பழைய மூப்போடு சேர்ந்துகொள்ளலாம். கொரோனாவில் எல்லோர் பிழைப்பும் சாய்ந்திருந்த நேரம். இணையத்தில் செய்யத் தெரியாதவர்கள் முகக்கவசத்தோடு நேரில் வந்தார்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர், 1996 பதிவு, திரையில் தன் பெயர் பச்சையாக வந்ததும், "வேலை வருதோ வரலியோ, பேரு இருக்கட்டும், மேடம்" என்றார். பிறகு சற்று நின்று, "அந்த முகாம் என்னைக்கு நடக்குது?" என்று கேட்டார்.

2024-இல் ஓய்வு பெற்றேன். அந்தப் பொங்கலுக்கு முன்பே அம்மா போய்விட்டாள். மஞ்சள் பை என்னிடம் வந்தது. அண்ணன் திருப்பூரில்தான் இருக்கிறான். நான்கு பவர் டேபிள் போட்டு, சிறு ஆர்டர் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறான். மகள் கணக்குப் பார்க்கிறாள். அவன் கால் ஊன்றியது அவனே தேடிக்கொண்ட இடம், எங்கள் எந்த இழுப்பறையும் தந்ததல்ல.

பையோடு போனேன். முப்பத்தைந்து வருடமாக அவனிடம் நான் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டியிருந்தது. கடிதத்தில் அன்று "லேப்ஸ் ஆகிவிட்டது" என்றுதான் எழுதியிருந்தேன். நான் மறந்துவிட்டேன் என்று எழுதவில்லை. தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு பனியனின் தோள்பட்டைத் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும், தாயி" என்றான். "அந்த மாசம் நானும்தான் மறந்தேன்."

அட்டையைப் பையிலிருந்து எடுத்தேன். நான் அதைத் திருப்புவதற்குள், அவன் தையலிலிருந்து கண்ணெடுக்காமல் பதிவு எண்ணைச் சொன்னான். நாலாயிரத்து ஐநூற்று அறுபத்தொன்று, கோடு, எண்பது.